நடந்தால் நாடெல்லாம் உறவு

முன்னுரை

"நடந்தால் நாடெல்லாம் உறவு; படுத்தால் பாயும் பகை" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி கூறும் பழமொழி. கால்கள் நன்றாக இருக்கும் வரை இதன் பொருள் நமக்கு முழுவதும் விளங்குவதில்லை. பள்ளிக்கு நடக்கிறோம், கடைக்கு நடக்கிறோம், தவக்காலத்தில் சிலுவைப் பாதை நடக்கிறோம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்தே செல்லும் பக்தர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். எப்படி நடப்பது என்று நாம் ஒரு நாளும் சிந்தித்ததில்லை.

ஆனால், ஒவ்வோர் அடியையும் சிந்தித்து எடுத்து வைக்க வேண்டியவர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களுள் ஒரு சாரார் தண்டுவட மரப்பு நோயால் துன்புறுவோர். ஆங்கிலத்தில் இதனை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பர். இந்நோய் உடையவர்கள் அடிக்கடி கீழே விழுகின்றனர். விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் பலர் நடப்பதையே விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விடுவது சரிதானா? நடைப்பயிற்சியால் விழுவது குறையுமா? எவ்வாறு நடக்க வேண்டும்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் தன்மை

அறிவியல் பாடத்தில் நரம்புச் செல்லின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறோம். அதில் ஆக்சான் என்னும் நீண்ட இழையைச் சுற்றி மயலின் உறை இருக்கும். மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பது போன்றது இது. இவ்வுறை உள்ள நரம்பில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் வரை விரைந்து செல்லும். உறையில்லாத மெல்லிய நரம்பிலோ வினாடிக்கு 1 அல்லது 2 மீட்டர்தான் செல்லும். "காலைத் தூக்கு" என்று மூளை இடும் கட்டளை உரிய நேரத்தில் பாதத்தைச் சேர்வது இவ்வுறையினால்தான்.

நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் ஒன்று உண்டு. தண்டுவட மரப்பு நோயில் அந்த ஆற்றலே தவறாகத் திரும்பி, மூளை, கண் நரம்பு, தண்டுவடம் ஆகியவற்றிலுள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். தாக்குண்ட இடங்கள் தழும்பேறி இறுகிவிடுகின்றன. பல இடங்களில் இவ்வாறு நேர்வதால்தான் இப்பெயர் வந்தது. 1868-ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்கோ என்னும் மருத்துவர் இதனைத் தனியொரு நோயாக விளக்கிக் காட்டினார்.

இது ஒட்டுவார் ஒட்டி நோய் அன்று. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தோன்றுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. குளிர் நாடுகளில் அதிகம். ஆயினும் நம் நாட்டிலும் உண்டு. இந்நோயாளர்களுக்கு உதவுவதற்காக 1985-இல் இந்தியாவில் ஒரு சங்கம் தோன்றியது. ஆண்டுதோறும் மே மாதம் 30-ஆம் நாள் இந்நோய்க்கான உலக நாளாக நினைவுகூரப்படுகிறது.

பதினைந்து வயதில் விழுந்த ஒரு புனிதை

ஹாலந்து நாட்டில் ஸ்கீடாம் என்னும் ஊரில் 1380-இல் பிறந்தவர் புனித லித்வீனா. அவருக்கு ஏறத்தாழ நம் வயதே, அதாவது 15 வயதே ஆகியிருந்தபோது, உறைபனியின்மேல் தோழியரோடு சறுக்கி விளையாடுகையில் கீழே விழுந்து விலா எலும்பு முறிந்தது. அதன்பின் அவர் நலம் பெறவில்லை. நாளடைவில் நடை தளர்ந்தது; பார்வை மங்கியது; பல ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்து 1433-இல் இறந்தார். 1890-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அவரைப் புனிதராக ஏற்றார்.

அவரைப் பற்றிய பழைய குறிப்புகளைப் படித்த இக்கால மருத்துவர் சிலர், அவருக்கு இருந்தது தண்டுவட மரப்பு நோயாக இருக்கலாம் என்று கருதுகின்றனர். உறுதியாகச் சொல்ல இயலாது. அக்காலத்தில் அவருக்குச் செபமும் பொறுமையும் மட்டுமே துணையாயின. இன்று மருந்தும் பயிற்சியும் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தாமல் ஒருவரைப் படுக்கையில் விட்டுவிடுவது பொறுமை ஆகாது.

ஏன் விழுகின்றனர்?

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று சாட்சிகள் உதவுகின்றன. முதலாவது கண். இரண்டாவது உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு. மூன்றாவது பாதமும் மூட்டுகளும் தரும் உணர்ச்சி. இம்மூன்று சாட்சியங்களையும் மூளை சேர்த்துப் பார்த்து உடலை நேராக நிறுத்துகிறது.

இதனை எளிய சோதனையால் அறியலாம். சுவரின் அருகே ஒற்றைக் காலில் நின்று எண்ணுங்கள். பிறகு கண்களை மூடிக்கொண்டு எண்ணுங்கள். நாங்கள் வகுப்பில் செய்து பார்த்தபோது, கண் திறந்திருந்த வரையில் நன்றாக நின்றவர்களும் கண்ணை மூடியதும் சில வினாடிகளிலேயே காலை ஊன்றிவிட்டனர். ஒரு சாட்சி குறைந்ததற்கே நமக்கு இந்த நிலை! தண்டுவட மரப்பு நோய் இந்த மூன்றையும் தாக்கவல்லது. பாதத்தின் உணர்ச்சி குறைந்தவர்கள் கண்ணையே நம்பி நடக்கின்றனர். ஆகவே இருட்டிலும், முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும் வேளையிலும் தள்ளாடுகின்றனர்.

வேறு காரணங்களும் உள்ளன. பாதத்தின் முன்பகுதி தொங்கி, விரல்கள் தரையில் இடறும். தொடைத் தசைகள் விறைத்துக்கொள்ளும். சிறிது தூரம் நடந்ததும் களைப்பு மேலிடும். இந்தக் களைப்பு கண்ணுக்குத் தெரியாததால் பிறர் சோம்பல் என்று ஏசுவதும் உண்டு. இரவில் கழிப்பறைக்கு அவசரமாக விரையும்போது விழுவோர் பலர். நடந்துகொண்டே பேசுவதும், நடந்துகொண்டே குடத்தைச் சுமப்பதும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள். நமக்கு அவை எளியவை. நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுவோர்க்கு இரண்டாவது வேலையே விழக் காரணமாகிவிடுகிறது. பல நாடுகளில் நோயாளர்களைச் சில மாதங்கள் கவனித்துப் பார்த்தபோது, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒருமுறையேனும் விழுந்திருந்தனர்.

அச்சம் என்னும் சுழல்

எங்கள் ஊராகிய உடையார்பாளையத்தில் பட்டு நெசவு பழைமையான தொழில். நெசவாளர் குடும்பம் ஒன்றில் எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிச் சில வாரங்களில் தானே சரியாயிற்று. பிறகு இடக்கால் இழுத்தது. தறிக்குழியிலிருந்து எழும்போது ஒருமுறையும் கிணற்றடியில் ஒருமுறையும் விழுந்தார். காற்று சேஷ்டை என்றும் கண்ணேறு என்றும் பலர் பலவாறு சொன்னார்கள். முடிவில் நகரத்து மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் படத்தில்தான் நோய் இன்னதென்று தெரிந்தது.

அவருடைய அம்மா, "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், விழாமல் இருந்தால் அதுவே போதும்" என்று கூறி அவரைத் திண்ணையிலேயே உட்கார வைத்தார். அது அன்பினால் செய்ததுதான். ஆனால் ஓராண்டுக்குள் அக்காவுக்குத் திண்ணையிலிருந்து எழுவதற்கே இருவர் துணை தேவைப்பட்டது. நோய் எடுத்துக்கொண்ட வலிமை பாதி என்றால், உட்கார்ந்திருந்து இழந்தது மறுபாதி.

இதனை ஒரு சுழல் எனலாம். விழுந்ததால் அச்சம், அச்சத்தால் நடை குறைவு, நடை குறைந்ததால் தசைத் தளர்ச்சி, தளர்ச்சியால் மீண்டும் விழுதல். விழுதலை முற்றிலும் ஒழித்த பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் நடக்கும் நாள் வரவே வராது. இச்சுழலை எங்கேயாவது அறுக்க வேண்டும். அறுப்பதற்கு ஏற்ற இடம் நடையே.

ஆராய்ச்சிகள் கூறுவது

முற்காலத்தில் மருத்துவர்களே இந்நோயாளர்களை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அதற்கும் காரணம் இருந்தது. 1890-இல் உத்தாஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர், இவர்களுள் சிலருக்கு உடல் உழைப்புக்குப் பின் பார்வை மங்குவதைக் கண்டு எழுதினார். உடல் சூடேறும்போது, உறை சிதைந்த நரம்பில் செய்தி தடைப்படுகிறது என்பது பின்னர் விளங்கியது. உடல் குளிர்ந்ததும் அந்தத் தளர்ச்சி நீங்கிவிடும். நிலையான கேடு இல்லை. எனினும் உழைப்பே ஆகாது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார், நோயாளர்களுக்கு 15 வாரங்கள் கையும் காலும் இயங்கும் மிதிவண்டி போன்ற கருவியில் பயிற்சி அளித்தனர். நோய் முற்றவில்லை; உடல் வலிமையும் மன ஊக்கமும் கூடின. 2013-இல் கனடா நாட்டில் வெளியான நெறிமுறை, மிதமான பாதிப்பு உடையவர்கள் வாரத்தில் 2 நாட்கள் 30 நிமிடம் நடை போன்ற பயிற்சியும், 2 நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்யலாம் என்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, பயிற்சியால் சமநிலையும் நடையும் சிறக்க வாய்ப்புண்டு. ஆனால் விழும் தடவைகள் எவ்வளவு குறையும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் போதவில்லை. ஆகவே, "தினமும் நடந்தால் விழவே மாட்டீர்கள்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. நடையோடு சமநிலைப் பயிற்சியும், கால் வலிமைப் பயிற்சியும், வீட்டில் சில மாற்றங்களும் சேர வேண்டும். நாலு கால்களும் இருந்தால்தானே கட்டில் ஆடாமல் நிற்கும்?

நடக்கும் முறை

பயிற்சியைத் தொடங்குமுன் நரம்பியல் மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் கேட்பது கட்டாயம். அதன்பின் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. நேரம்: நம் மாவட்டத்து வெயில் நாம் அறிந்ததே. கோடையில் காலை ஒன்பது மணிக்கே தரை சுடுகிறது. ஆகவே பொழுது விடியும் வேளையில் நடப்பது நலம். குளிர்ந்த நீர் பருகலாம். ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம்.

2. அளவு: ஒரே மூச்சில் 15 நிமிடம் நடப்பதைவிட, 5 நிமிடமாக மூன்று முறை நடந்து இடையில் உட்கார்வது நல்லது. களைப்பு வருமுன் நிறுத்த வேண்டும்; வந்தபின் நிறுத்துவது தாமதம். நின்று இரண்டு வாக்கியங்கள் பேசிப் பார்க்கலாம். மூச்சு வாங்கிப் பேச்சுத் தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

3. அடி: குதிகால் முதலில் ஊன்ற வேண்டும். திரும்பும்போது ஒற்றைக் காலில் சுழலாமல், சிறு சிறு அடிகளாக அகல வைத்துத் திரும்ப வேண்டும். பெரும்பாலும் திருப்பத்தில்தான் நிலை தவறும்.

4. சமநிலை: சுவரைத் தொட்டுக்கொண்டு பக்கவாட்டில் நடத்தல், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்துக் கோட்டின்மேல் நடத்தல், கால்களைச் சேர்த்து நிற்றல். இவற்றைத் துணையின்றிச் செய்யலாகாது.

5. வலிமை: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்தல், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல். ஐந்து முறையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

6. கைத்தடி: தளர்ந்த கால் இடக்கால் ஆனால் தடியை வலக்கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கின்றனர். தடி என்பது வெட்கப்பட வேண்டிய பொருள் அன்று. கண்ணாடி அணிவதற்கு யாராவது வெட்கப்படுகிறோமா?

காய்ச்சல் உள்ளபோதும், புதிதாகத் தளர்ச்சியோ பார்வைக் குறைவோ ஏற்பட்டு ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும்போதும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். நடை மருந்துக்கு மாற்று ஆகாது. மருந்துக்குத் துணையே ஆகும்.

வீட்டில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

விழுதல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது. நம் வீடுகளில் உயர்ந்த வாசற்படி உண்டு. அதன்மேல் பளிச்சென்ற மஞ்சள் நிறம் பூசினால் கண்ணுக்குத் தெரியும். சாணம் தெளித்த வாசலும் கிணற்றடியும் காயும் வரை அவ்வழி செல்லக் கூடாது. குளியலறைச் சுவரில் ஒரு குழாயைப் பிடியாகப் பொருத்துவதற்கு அதிகச் செலவு ஆகாது. பாயின் ஓரம் மடிந்து கிடத்தல், தரையில் பரவிக் கிடக்கும் துணி, குறுக்கே கட்டிய கொடி ஆகியவற்றை அகற்ற வேண்டும். சேலை தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். தொளதொளவென்ற ரப்பர் செருப்பைவிடக் குதிகாலில் வார் உள்ள செருப்பே பாதுகாப்பானது. இரவில் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் இடையே சிறு விளக்கு ஒன்று எரிய வேண்டும்.

எழுந்திருக்கவும் கற்க வேண்டும். விழுந்தவுடன் பதற்றத்தில் இழுத்துத் தூக்கலாகாது. அடிபட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடியில்லை என்றால் ஒருக்களித்துத் திரும்பி, முழங்காலிட்டு, கட்டிலையோ திண்ணையையோ பிடித்து மெல்ல எழலாம். எழத் தெரிந்தவருக்கு விழும் அச்சம் பாதியாகக் குறைகிறது.

உதவி கிடைக்கும் இடங்கள்

நம் தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வழிகாட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இவர், 1954-இல் வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தார். அவருடைய துன்பம் வேறு; இந்நோய் வேறு. ஆனால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் அதற்கெனத் தனி நிலையம் உருவாகக் காரணமானார். நடக்க முடியாத ஒருவர் பிறரை நடக்க வைத்தார் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தண்டுவட மரப்பு நோயைப் பெயர் குறிப்பிட்டே சேர்த்துள்ளது. இந்நோயால் உரிய அளவு பாதிக்கப்பட்டோர் அதற்கான சான்றிதழ் கோரலாம். 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எங்கே செல்வது என்று அறியாதவர்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

நாம் செய்யக்கூடியது

நெசவாளர் வீட்டு அக்காவுக்கும் இயன்முறை மருத்துவர் பயிற்சி கற்பித்தார். முதல் நாள் கதவிலிருந்து திண்ணை முனை வரை மட்டுமே நடந்தார். இப்போது விடுமுறை நாட்களில் விடியற்காலையில் எங்களுள் இருவர் அவருடன் செல்கிறோம். தெருக்கோடி வேப்பமரம் வரை சென்று, அங்கே சிறிது உட்கார்ந்து திரும்புகிறோம். இடையில் இருமுறை விழுந்தார், இருமுறையும் எழுந்தார். அம்மாவுக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் நாங்கள் வரும்முன் கைத்தடியைத் துடைத்து வாசலில் சாய்த்து வைப்பவர் அவரே.

துணை செல்வோர் அறிய வேண்டியது இதுதான்: தளர்ந்த கால் பக்கமாக, அரை அடி பின்னால் நடக்க வேண்டும். கையைப் பற்றி இழுக்கக் கூடாது. அவர் நம் முழங்கையைப் பற்றட்டும். அவருடைய வேகமே நம் வேகம். கேள்வி கேட்க வேண்டுமானால் நின்ற பிறகு கேட்கலாம். தெருவில் ஒருவர் தள்ளாடினால் குடித்திருப்பாரோ என்று சிரிக்காமல், "அக்கா, கை கொடுக்கட்டுமா?" என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

முடிவுரை

சிலுவைப் பாதையில் 14 நிலைகள் உள்ளன. அவற்றுள் மூன்று நிலைகள் ஆண்டவர் கீழே விழுந்ததைப் பற்றியவை. முதல் முறை விழுந்தபின் வரும் ஐந்தாம் நிலையில் சிரேனே ஊர் சீமோன் சிலுவை சுமக்கத் துணை வருகிறார். அவர் வந்த பிறகும் ஆண்டவர் இருமுறை விழுகிறார். ஆயினும் அவர் செய்த உதவியை வீண் என்று யாரும் கூறுவதில்லை.

தண்டுவட மரப்பு நோயுடையோர்க்கு நடைப்பயிற்சியும் அத்தகைய துணையே. அது விழுதலை முற்றிலும் நீக்கிவிடாது. கால்களுக்கு வலிமையையும் மனத்துக்குத் துணிவையும் தந்து, திண்ணையோடு முடிந்துபோக இருந்த வாழ்வைத் தெருவுக்கு அழைத்து வரும். நடந்தால் நாடெல்லாம் உறவு என்றனர் முன்னோர். நடப்பவரோடு நாமும் நடந்தால்தான் அவ்வுறவு நிறைவு பெறும். அன்புத் தோழியரே, உங்கள் தெருவிலும் யாரேனும் திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். நாளை விடியற்காலையில் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவோமா?